ஏழு மாச ரிப்பேர்

"ஒரு காரை ரிப்பேர் பண்ண ஏழு மாசமா? அந்த ஆர்லன் உங்கம்மா தலையில நல்லா மிளகாய் அரைக்கிறான், மார்ஸி!"

அம்மாவின் எதிர்வீட்டு டோரிஸ் போனில் பற்ற வைத்தது சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை ராத்திரியே மார்ஸி பீனிக்ஸிலிருந்து அம்மா இருக்கும் டொலீடோவுக்கு விமானம் ஏறிவிட்டாள்.

அவளுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. அது அப்பா ஸ்டான்லியின் கார். 1970 ஷெவெல், ஆரஞ்சு நிறம், முன்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, எட்டு சிலிண்டர் எஞ்சின். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே அதிரும். பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டினார் மனுஷன். கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டார்.

"மிச்சத்தை நான் முடிச்சுத் தர்றேன், காசெல்லாம் வேண்டாம்" என்று வந்தவர்தான் ஆர்லன். 'மசில் கார்' என்கிற பழைய முரட்டு எஞ்சின் கார்களுக்கான கிளப்பில் அப்பாவின் சிநேகிதர்.

மார்ஸியின் திட்டம் ரொம்ப சுலபம். கார் ஓடியதும் அதை விற்பது, அப்புறம் வீட்டை விற்பது, அப்புறம் அம்மாவைத் தன்னோடு பீனிக்ஸுக்கு அழைத்துப் போவது.

கார் ஓடினால்தானே!

சனிக்கிழமை தவறாமல் ஆர்லன் வருவார். சாயங்காலம் கார் ஜம்மென்று உறுமும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரை வரை ஒரு ரவுண்டு போய் வருவார். "அடுத்த வாரம் ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்பார். அடுத்த வாரம் பார்த்தால் கார் மறுபடி இருமும். ஒரு வாரம் கார்புரேட்டராம். இன்னொரு வாரம் பெட்ரோல் பம்ப்பாம். வேலை முடிந்ததும் அம்மா மாவு தேய்த்து, பழம் நிரப்பிச் சுட்ட செர்ரி பை, காபி, மூன்று மணி நேரம் அரட்டை.

காரை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறார், வேறென்ன? நாளைக்கு காரை வாங்க டேட்டனிலிருந்து ஆள் வருகிறான். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டியதுதான்.

மார்ஸி கராஜுக்குள் நுழைந்தபோது ஆர்லன் அப்போதுதான் வந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

டுக்... டுக்... படார்!

"இன்னிக்கு இக்னிஷன் காயில்ல பிரச்சினை போலிருக்கும்மா" என்றார்.

"நகருங்க அங்கிள், நான் பார்க்கிறேன்."

"நீ எதுக்கும்மா? கையெல்லாம் கிரீஸ் ஆகும்..."

அவர் தடுப்பதற்குள் மார்ஸி குனிந்துவிட்டாள். அப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவள், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் எட்டு ஒயரில் ஐந்தாவதும் ஏழாவதும் இடம் மாறியிருந்தன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒயர்கள். கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. ஒருமுறை அப்பாவே கிளப் ஆட்கள் முன்னால் மாற்றிச் செருகி அசடு வழிந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா வருஷக்கணக்கில் அவரை வாரினாள்.

"அஞ்சும் ஏழும் மாறியிருக்கு, அங்கிள்."

"அட, ஆமா! வயசாயிடுச்சில்ல..."

"நாப்பது வருஷமா இதே வேலை பார்க்கிறவரு நீங்க. போன வாரம் ஓடின கார் தானா ஒயரை மாத்திக்குமா? உண்மையைச் சொல்லுங்க. வாரா வாரம் நீங்கதானே மாத்துறீங்க?"

ஆர்லன் சமையலறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா. நான்தான்."

"வெட்கமா இல்லே? எங்கப்பாவோட சிநேகிதர்னு நம்பினோமே!"

மார்ஸி கோபத்தோடு இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, சரியான இடத்தில் செருகினாள். கையைப் பார்த்தாள். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தூசியா? தேய்த்துப் பார்த்தாள். மாவு!

ஒயரின் கறுப்பு மூடி மேல் அழகாக இரண்டு விரல் தடம்.

ஆர்லன் அவசரமாகத் துணியை நீட்டினார். "துடைச்சுக்கோம்மா, கிரீஸு..."

"கிரீஸ் வெள்ளையாவா இருக்கும், அங்கிள்?"

சமையலறையில் மாவு தேய்க்கிற கட்டையின் சத்தம் நின்றுபோயிருந்தது.

மார்ஸியின் குரல் இறங்கிவிட்டது. "எப்போலேருந்து தெரியும்?"

"மூணாவது வாரத்திலேருந்து. வந்ததும் முதல்ல துடைச்சிடுவேன். இன்னிக்கு நீ முந்திக்கிட்டே."

"சொல்லியிருக்கலாமே! உங்களை என்னெல்லாம் பேசிட்டேன்..."

"சொன்னா உங்கம்மாவுக்கு மானம் போயிடுமேம்மா. என்னைத்தானே திட்டினே, பரவாயில்லே. ஆமா, பீனிக்ஸுக்கு வர இஷ்டமான்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

மார்ஸிக்குச் சுருக்கென்றது. டிக்கெட் விலை கேட்டிருக்கிறாள், புரோக்கரைக் கேட்டிருக்கிறாள், டேட்டன்காரனைக் கேட்டிருக்கிறாள். அம்மாவைக் கேட்கவே இல்லை.

கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் ஒளித்திருந்தாள்.

"என்ன மார்ஸி... கார் சரியாயிடுச்சா?"



மார்ஸி மறுபடி எஞ்சின் மேல் குனிந்தாள். ஐந்தாவதை உருவினாள், ஏழாவதை உருவினாள், மாற்றிச் செருகினாள்.

"இல்லேம்மா. பெரிய ரிப்பேர் போலிருக்கு. நாளைக்கு வர்றவனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். அங்கிள், நீங்க அடுத்த சனிக்கிழமையும் வரணும்."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாவம், ஆர்லனுக்கு முன்ன மாதிரி வேலை ஓடமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், காலையிலேயே சுட்டு வைத்திருந்த செர்ரி பையில் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.