கடைசி வண்டி

பின்சீட்டில் பூவம்மாள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, “ஐயோ, அம்மா” என்று முனகினாள். காரை ஓட்டிவந்த அவளுடைய அண்ணன் ஆதிகேசவனுக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்தது.

முன்னால் பஸ்ஸும் லாரியும் மாட்டு வண்டியுமாக ஏகப்பட்ட கூட்டம். மறுநாள் தைக் கிருத்திகை, நகரிப் பக்கத்து ஜனமெல்லாம் திருத்தணிக்குக் கிளம்பியிருந்தது. பார்த்து அன்றைக்கென்று அரை மைல் தூரத்துக்கு ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

இந்தப் பக்கம் பத்து வண்டி, பிறகு அந்தப் பக்கம் பத்து வண்டி என்று முறைவைத்து விட்டார்கள். மற்ற நாளில் இடித்துக்கொண்டு முந்துகிற டிரைவர்கள் அன்று ஆரன் கூட அடிக்காமல் பெட்டிப் பாம்பாக நின்றார்கள்.

ஆதிகேசவனால் நிற்க முடியவில்லை. வரிசையை விட்டு விலகி, காரை முன்னால் கொண்டுபோனான். தலையில் துண்டு கட்டியிருந்த ரோட்டு மேஸ்திரி பாய்ந்து வந்து மறித்தார்.

“ஏன்யா, இவங்கல்லாம் இன்னா கண்ணுக்குத் தெரியலியா?”

“தங்கச்சிக்கு வயித்து நோவுங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேங்க.”

மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார். பூவம்மாளின் முனகல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“பாவம், அந்தம்மா போவட்டும். நான் அடுத்த தபா போறேன்” என்று ஒரு மாட்டு வண்டிக்காரர் தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

“சரி, போ. பத்தாவது வண்டி நீதான்” என்ற மேஸ்திரி, ஒரு நீள மூங்கில் குச்சியை ஜன்னல் வழியாகக் காருக்குள் செருகினார். “அந்தாண்ட கண்ணையன் நிப்பான். இத்த அவன் கைல குடுத்துடு.”

“ஆங், சரிங்க, சரிங்க.” அந்த நேரத்தில் யானையையே ஏற்றியிருந்தாலும் ஆதிகேசவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

கார் நகர்ந்ததும் முனகல் நின்றது. வயிற்று வலியுமில்லை, ஒன்றுமில்லை. அவள் படுத்திருந்தது இரண்டு அரிசி மூட்டைகளின் மேல்.

ஆந்திராவிலிருந்து ஒரு படி அரிசி கொண்டுவந்தாலும் பிடித்து உள்ளே போடுகிற வருஷம் அது. நாளை மறுநாள் பூவம்மாளின் மகளுக்குக் கல்யாணம். ரேஷன் கோதுமையை வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டாருக்குப் பந்தி போட முடியுமா? மாட்டினால் அரிசி போகும், முதலாளியின் கார் போகும், ஆதிகேசவனும் போவான்.

மாநில எல்லைச் செக்போஸ்ட்டை முன்பே தாண்டியாகிவிட்டது. இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டே கடைசி வளைவில் திரும்பினான். எதிர்ப்பக்க வரிசையில் முதல் வண்டியாக ஒரு போலீஸ் ஜீப் நின்றது.

யாரோ ஒருவன் கையை நீட்டியபடி காரை நோக்கி ஓடிவந்தான். ஆதிகேசவன் அவன் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

“யோவ், நில்லு! நில்லுய்யா!”

“அண்ணே, கூப்புடறாங்கண்ணே!”

“திரும்பிப் பாக்காத. படுத்துக்கோ.”

ஒரு மைல் போயிருப்பார்கள். கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டை, கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது.

ஆதிகேசவன் பனைமரங்களுக்கு நடுவே போன வண்டிப் பாதையில் காரைத் திருப்பினான். அங்கே ஒரு பாழுங்கிணறு இருந்தது.

“எறங்கு! மூட்டையத் தள்ளு!”

“வேணாண்ணே! பந்தில இன்னாத்தண்ணே போடுவேன்?”

“நான் ஜெயிலுக்குப் போனா பரவால்லியா? காரு என்னுது இல்ல பூவு, தெரியுதா?”

முதல் மூட்டை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது, கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஆலஞ்செடியில் மாட்டிக்கொண்டு தொங்கியது. மோட்டார் சைக்கிள் சத்தம் நெருங்கிவிட்டது. ஆதிகேசவன் காருக்கு ஓடி, கையில் அகப்பட்ட மூங்கில் குச்சியை எடுத்துவந்து, குத்திக் குத்தி அதையும் உள்ளே தள்ளினான்.

பூவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக ஆந்திராவிலிருக்கும் நாத்தனாரின் கையைக் காலைப் பிடித்து வாங்கிய அரிசி.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரன் குதித்து இறங்கினான்.

“சார், வண்டில ஒண்ணுமே இல்ல சார். நல்லாப் பாத்துக்கோங்க சார்” என்று ஆதிகேசவன் குச்சியை ஊன்றியபடியே நான்கு கதவையும் திறந்துவிட்டான்.

வந்தவன் காரைப் பார்க்கவில்லை. கிணற்றையும் பார்க்கவில்லை. மூச்சிரைக்க நேராக ஆதிகேசவனிடம் வந்து கையை நீட்டினான்.

“நான்தான்யா கண்ணையன். கடைசி வண்டிக் குச்சி வராம எதிர்ல ஒரு வண்டியும் வுடக் கூடாது, போலீஸ் ஜீப்பே நவுராம நின்னுகினு கீது, குடு இப்பிடி!”