தேறுமா, தேறாதா?

துண்டை இறுக்கிச் சுற்றினாள். மேலே தலையணையை வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். "இனிமே சத்தம் வராது" என்றாள் மூச்சு வாங்க.

உள்ளேயிருந்து ஓடிவந்த கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, அது இன்னும் கடைக்கே வராத மாடல்!"

தலையணைக்கு அடியில் கிடந்தது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. வாசலில் மாட்டியிருக்கும் புது அழைப்பு மணியின் ஜோடி. வாசலில் யார் நின்று என்ன பேசினாலும், பெருமூச்சு விட்டால்கூட, இந்தப் பெட்டி வழியாக வீட்டுக்குள் கேட்கும்.

"அங்க பேசறது இங்க கேக்கும்னா, இங்க பேசறது வேற எங்கயோ கேக்காதுன்னு என்ன நிச்சயம்?"

"உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்."

சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் மனுஷனை ஒரு பெரிய கம்பெனி தேடி வருகிறது. அவர்கள் கடையில் அவர் ஆசை ஆசையாக வாங்கிக் குவித்ததைப் பார்த்துத்தான் வந்தார்களாம். புதுச் சாமான் எதுவானாலும் முதலில் இவர் கைக்குத்தான், அதுவும் இலவசமாக. கொஞ்ச நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தேறும், தேறாது என்று சொன்னால் போதும்.

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் டீ சொல்லவும் ஃபைல் தேடவும்தான் அவரைக் கூப்பிடுவார்கள். இங்கே கோட்டு போட்ட ஓர் அதிகாரி வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மயக்கத்தில்தான் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்தக் கம்பெனியிலேயே முழுநேரமாகச் சேர்ந்துவிடப் போகிறாராம்.

"ரெண்டு பிள்ளைங்க படிக்குது. இருக்கற வேலைய விடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க" என்றாள் மனைவி. "வேகமா சாப்பிட்டா அதிருற கரண்டி, ஈரக்காத்து பட்டா தானா விரியற குடை, எல்லாத்தையும் பிரமாதம்னீங்க. அதுல ஒண்ணையாவது கடையில பாத்தீங்களா? விக்காத சாமானை எதுக்குங்க செய்யறான்? உளவு பாக்கத்தான்!"

"நல்ல பொருளுக்கு நேரமாகும்மா. மெதுவா வரும்."

பக்கத்து வீட்டில் 'டொக், டொக்' என்று ஏதோ சுவரில் முட்டியது. தரை துடைக்கும் வட்ட மெஷின். 'இந்த ஆமையை எவன் வாங்குவான்' என்று, அது வந்த அன்றே கணவர் திருப்பி அனுப்பியது.

"விளம்பரத்தைப் பாத்து ஏமாந்துட்டாங்க, பாவம்" என்று அவர் உச்சுக்கொட்டினார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கம்பெனி அதிகாரிதான். உள்ளே வந்தவர், துண்டும் தலையணையுமாகக் கிடந்த பெட்டியை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று அவர் முகத்தைத் துருவினாள்.

"மணி பிடிச்சிருக்கா சார்?"

"பிரமாதம்! வீட்டுக்கு வீடு மாட்டப்போறாங்க, பாருங்க."

அதிகாரியின் முகம் தொங்கிப்போனது. "ரொம்பவா சார்?"

"ரொம்ப ரொம்ப!"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பிடிச்சிருக்கு, எதுக்குப் பிடிச்சிருக்குன்னு நீங்க கேக்கவே மாட்டீங்களா?"

"அதெல்லாம் வேண்டாம் மேடம். சார் வாயால பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை வந்தா போதும்."

கணவர் மனைவியைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கர்வம். அதே வேகத்தில் அதிகாரியிடம் திரும்பினார். "மணி மட்டுமில்லைங்க. உங்க கம்பெனியும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வேலைய விட்டுட்டு உங்ககிட்டயே வந்துடலாம்னு இருக்கேன்."

அதிகாரி டீயைக் கோட்டில் கொட்டிக்கொண்டார். "சார், கம்பெனியப் பத்தி மட்டும் அவசரப்பட்டு எதுவும் சொல்லிடாதீங்க. ப்ளீஸ்!"

'திருட்டு முழி' என்று மனைவி மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, ஓர் அவசர போன் பேச வேண்டும் என்று அதிகாரி கிளம்பினார். கதவு சாத்திக்கொண்டது.

"சந்தோஷத்துல அவருக்குக் கையே ஓடலை, பாத்தியா?" கணவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நான் போய் லெட்டரைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"ஒரு நிமிஷம் பொறுங்க."

அவள் தலையணையைத் தூக்கி எறிந்தாள். அந்த ஆள் எவனிடம் என்ன உளவு சொல்கிறான் என்று இன்று தெரிந்தாக வேண்டும். துண்டை உருவியதும், அதிகாரி பக்கத்தில் நின்று பேசுவதுபோல் பெட்டி பேசியது.

"மணிய நிறுத்திடுங்க சார், ஒண்ணுகூட கடைக்குப் போக வேண்டாம். ஆமா, அவருக்குப் பிடிச்சுப்போச்சு. அவர் பிரமாதம்னது எதாவது என்னைக்காவது வித்திருக்கா? அவர் தேறாதுன்னு தள்ளினதுதானே நமக்குச் சோறு போடுது!"

கணவரின் கை சட்டைப்பை மேலேயே நின்றுவிட்டது. மனைவிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது.

பெட்டியில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அதிகாரியின் தழுதழுத்த குரல்.

"அதைவிடப் பெரிய இடி ஒண்ணு இருக்கு சார்... நம்ம கம்பெனியும் அவருக்குப் பிடிச்சிருக்காம்!"