சின்னது

தேனீக்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கணவனிடம் சொல்லியிருக்கவே கூடாதோ என்று நினைத்தபடி, நிரம்பி வழிந்த தேனீப் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தைப் புழுக்கள் வளரும் அடையோடு எடுத்துப் புதிய சிறுபெட்டிக்கு மாற்றினாள் அவள்.

"மூணு இருக்கே, சின்னதைக் குடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றான் கணவன். "அக்கா எவ்வளவு ஆசையாக் கேக்குறா."

"அவங்களுக்கு வளர்த்துப் பழக்கமில்லையேங்க."

"பழகிக்குவா. நம்மளவிட வசதியாவே வெச்சுக்குவா."

"இடம் மாறினா வாடிடும்."

"பக்கத்துல வெச்சாத்தான் பழைய இடத்துக்கே திரும்பி வரும், தூரமாக் கொண்டுபோயிட்டா புது இடத்தையே வீடுன்னு எடுத்துக்கும்னு நீதானே சொன்னே? அக்கா இருக்கிறது தூரத்துலதானே?"

அவள் மூடியைப் பொருத்தினாள்.

பின்வாசலில் வந்து நின்ற கடைக்குட்டி, தேனீக்களுக்குப் பயந்து அங்கிருந்தபடியே சொன்னாள்.

"அம்மா, இனிமே அத்தையைத்தான் நான் அம்மான்னு கூப்பிடணுமாம். அப்பா சொல்றாரு."

கணவன் வேறெங்கோ பார்த்தான். அவள் கையுறைகளைக் கழற்றிவிட்டுப் போய், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தேனீயைப் பத்திங்க," என்றாள் மெதுவாக. "உங்க அக்காவுக்கு வேணும்னா அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் குடுங்க."