நாற்பத்தேழு வாய்தா

“கேஸ் நம்பர் ஞாபகம் இருக்கா, ஐயா?”

“நூத்திப் பன்னெண்டு, ரெண்டாயிரத்து நாலு.” பெரியவர் யோசிக்காமலே சொன்னார்.

நீதிமன்ற உதவி மையத்தில் தஸ்ரின் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எந்த வழக்கு எத்தனை வருடமாக, யாரால் நிற்கிறது என்று கணினியே அலசிப் பட்டியல் போடும் புதிய ஏற்பாட்டை அவள்தான் கவனித்துக்கொண்டாள். எண்ணைத் தட்டியதும் திரையில் அந்த வழக்கு சிவப்பில் வந்து நின்றது.

“மணவாளக்குறிச்சி சொத்துக் கேஸுல்லா? வாதி குமாரதாஸ். அப்பாவுக்க தென்னந்தோப்புல பங்கு கேட்டது.”

“அதேதான், மக்ளே.”

“இருபத்தொரு வருசமா நடக்கு! நிக்காதீங்க ஐயா, இருங்க.” நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பெரியவர் நுனியில் உட்கார்ந்தார்.

“இந்தக் கேஸ யாரு எத்தன தடவ தள்ளிப் போட்டான்னு இந்தக் கம்ப்யூட்டர் சொல்லும்னு கேள்விப்பட்டேன். உள்ளதா?”

“உள்ளதுதான். மொத்தம் அம்பத்தொரு வாய்தா. அதுல நாப்பத்தேழு பிரதிவாதி கேட்டது.”

“காரணமும் போட்டிருக்கா? வாசியேன்.”

தஸ்ரின் வாசித்தாள். உடம்பு சரியில்லை என்று பதினான்கு தடவை. வக்கீல் வரவில்லை என்று பத்தொன்பது. பத்திரம் தேட அவகாசம் வேண்டும் என்று பதினொன்று. ஊரில் இல்லை என்று மூன்று.

“எல்லாம் கள்ளம்,” என்றார் பெரியவர். “ஒரு நாளும் உடம்புக்கு ஒண்ணும் வரல்ல. பத்திரம் பீரோவுலதான் கெடந்துது.”

“மீதியில மூணு, கோர்ட்டு லீவு. வாதி கேட்டது ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்காரி இறந்த அன்னைக்கு.” தஸ்ரின் அடுத்த வரிக்குப் போனாள். “அதுக்கும் எதிர்த்தரப்பு ஆட்சேபணை பண்ணியிருக்கு, ஐயா.”

“பண்ணியிருக்கு,” என்றார் பெரியவர்.

“இப்படியும் ஒரு மனுசன் இருப்பாரா? அதுவும் கூடப்பொறந்த அண்ணன்!” அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “இனி அவரால ஒண்ணும் செய்ய முடியாது. வேணும்னே இழுத்தடிச்ச கேஸயெல்லாம் கம்ப்யூட்டர் முதல் வரிசைக்குக் கொண்டு வந்துட்டுது. பதிமூணாம் தேதி கடைசி விசாரணை. ஜட்ஜம்மா இனி வாய்தா குடுக்க மாட்டாங்க. ரெண்டே மாசத்துல தீர்ப்பு.”

“ரெண்டே மாசமா?” பெரியவர் திரையின் பக்கம் குனிந்தார். “அவ்வளவுதான் ஆகுமா இதுக்கு?”

“அவ்வளவுதான்.”

“வேண்டாம் மக்ளே. முடிச்சிரச் சொல்லு. இனி ஒரு விசாரணையும் வேண்டாம்.”

“கரைக்கு வந்த நேரத்துல இப்படிச் சொல்லலாமா? நீங்க சலிச்சுப் போவணும்னுதானே அந்த ஆளு இத்தன வருசம் இழுத்தடிச்சாரு? அவருக்க ஆசைய நீங்களே நிறைவேத்தப் போறீளா?”

“அது நிறைவேறியாச்சு.”

பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“குமாரதாச நேத்து சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணியாச்சு, மக்ளே. நான் அவனுக்க அண்ணன், ரசலையன்,” என்றார். “அவனுக்குப் பிள்ளையில்ல, அவன் கேட்ட பங்குக்கும் இப்ப நான்தான் வாரிசு.”