நெற்றியளவு கறை

சொகுசுக் கப்பல் துறைமுகத்தில் நின்ற அந்தப் பகலில், எட்டாம் தளத்து அறையொன்றின் ஜன்னலைத் துடைக்க வேலையாள் தொம்மையை மூன்றாம் முறையாகத் தொங்குபலகையில் இறக்கினார்கள். கண்ணாடியில் படிந்திருந்த உப்பு முதல் தடவையே போய்விட்டது. நடுவே நெற்றியளவில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் அப்படியே இருந்தது. அந்த அறையில் தங்கியிருந்த அம்மாள் நெற்றியைச் சாய்த்துக் கடல் பார்க்கிற இடம் அது.

"கறை உள்ளதான் இருக்குண்ணே. வெளிய நின்னு எத்தன தடவ தேய்க்க?" என்று மேலே நின்று வேலை வாங்கிய சாரங்கிடம் கேட்டான்.

"உள்பக்கம் ரூம் சுத்தம் பண்ணுதவனுவ வேல. தொடச்சாச்சுன்னு அவனுவ கையெழுத்துப் போட்டுட்டானுவ. வெளியதான் அழுக்குன்னு அந்தம்மா எழுதிக் குடுத்திருக்காவ. பேசாம தேய்ல."

"என்னைய உள்ள விடுங்க. ஒரு நிமிசத்துல முடிச்சிருதேன்."

"அந்தக் கம்பளத்துல நம்ம கால் படக்கூடாதுன்னு தெரியாதால ஒனக்கு?"

உள்ளேயிருந்து அந்த அம்மாள் கறையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். உங்கள் பக்கம்தான் என்று தொம்மை சைகை செய்தான். அவள் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வெயிலில் வேர்த்து வழிந்த நெற்றியை அந்தக் கறைக்கு நேராக வைத்துக் கண்ணாடியில் அழுத்தினான். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"முடிஞ்சுதால?"

தொம்மை துணியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இப்ப வெளியவும் இருக்குண்ணே. அவிய எழுதிக் குடுத்தது சரியாப் போச்சு. மேல தூக்குங்க."