பதினெட்டு அடி ஹோல்

அக்காவின் கல்யாணப் பதிவு எழுத்துக்கு முன் எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஹோலின் பலகைத் தரையைத் திருத்திப் பொலிஷ் பண்ண மூன்று தச்சு பாஸ்மார் எஸ்டிமேட் தந்தார்கள். திங்கள் வந்தவர் ஹோலின் நீளம் பதினெட்டு அடி என்று எழுதியிருந்தார். செவ்வாய் வந்தவர் பத்தொன்பது. புதன் வந்தவர் இருபது. களவிலும் ஓர் ஒழுங்கு இருந்தது.

“சதுர அடிக்குத்தானே காசு. என்னைப் பேயன் எண்டு நினைச்சிட்டாங்கள். நானே அளந்து பாக்கிறன். பதினெட்டு எண்டா முதல் ஆளுக்குத்தான் வேலை,” என்றார் அப்பா.

வியாழன் காலை அவரே அளந்தார். டேப்பின் நுனியை நான் சுவரோடு பிடித்துக்கொண்டேன்.

“இருபத்தொண்டு! டேய் கபிஷன், சுவரில முட்டிப் பிடியடா.”

முட்டித்தான் பிடித்திருந்தேன். டேப் என் விரல்களுக்குள்ளிருந்து மெல்ல நழுவியது.

“இழுக்காதேங்கோ அப்பா.”

“நான் நிண்ட இடத்திலதான் நிக்கிறன்,” என்றார் அப்பா, முன்னைவிடச் சற்றுத் தூரத்திலிருந்து.