எழும்பாத பக்கம்

புது மெத்தையின் இடப்பக்கம், யாரும் படுக்காமலே, நாளுக்கு நாள் அமிழ்ந்துகொண்டு வந்தது.

"கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்மா. திருப்பிக் கொடுத்துடலாம்," என்றாள் மகள்.

"இரு, அளந்து பார்க்கறேன்."

"அப்பா போனதிலேர்ந்து எதைப் பார்த்தாலும் அளக்கிற!"

ஆர்க்டிக்கின் ஆதிகாலப் பனிப்பாளங்கள் எதுவரை பரவியிருந்தன என்று கணிப்பதுதான் அம்மாவின் வேலை. பனியின் கனத்தில் தரை அமிழும். பனி உருகியதும் மெல்ல எழும்பும். எந்த இடம் எவ்வளவு எழும்பியது என்று பார்த்தால், அங்கிருந்து போன பனி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மெத்தைக்கும் அதே கணக்கைப் போட்டாள். பாரம் எதுவும் இல்லை என்று வைத்தால் விடை வரவில்லை.

"கடைக்காரன் மேல தப்பில்லடி. மெத்தை இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

அவருடைய அறுபத்தெட்டு கிலோ இன்னும் அங்கேயே இருக்கிறது என்று வைத்தால் எல்லாம் பொருந்துகிறது.